தெருவையே அடைப்பதா?

கம்ப்யூட்டரை இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது "விண்டோஸ்". மற்றொன்று "லினக்ஸ்". அதற்குக் காசு வேண்டாம்!

"லினக்சில் விளையாட்டா?" என்று முன்பு சிரித்தார்கள். பெரிய விளையாட்டுகள் எல்லாம் விண்டோசுக்கென்றே செய்யப்பட்டவை. 2018-ல் "வால்வ்" என்ற அமெரிக்கக் கம்பெனி "புரோட்டான்" என்ற மென்பொருளை வெளியிட்டது. துபாஷி போல நடுவில் நின்று, விளையாட்டு கேட்பதை லினக்சுக்குப் புரியவைப்பது அதன் வேலை. 2022-ல் அதே கம்பெனியின் கையடக்க விளையாட்டுப் பெட்டி, "ஸ்டீம் டெக்", விற்பனைக்கு வந்தது. அதில் ஓடுவதும் லினக்ஸ்தான். சிரிப்பு அடங்கியது.

அப்போதுதான் அடி விழுந்தது.

"ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்" என்பது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. பலர் சேர்ந்து ஆடுவது. 2024 அக்டோபர் 31-ந் தேதி, "எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்" கம்பெனி அதில் லினக்ஸ்காரர்களுக்குக் கதவைச் சாத்தியது. மோசடிக்காரர்கள் லினக்சில் ஒளிந்துகொள்கிறார்களாம்! ஸ்டீம் டெக்கில் ஆடும் யோக்கியனையும் திருட்டு ஆட்டக்காரனையும் பிரித்தறிய முடியவில்லையாம்!

மோசடி கெட்டதுதான். ஒருவன் சுவருக்கு அப்பால் பார்த்துச் சுட்டால் மற்றவர்கள் எப்படி ஆடுவது? கம்பெனியின் கோபம் நியாயமே. ஆனால் விண்டோசில் மோசடி இல்லையா? அங்கே யாரும் கதவைச் சாத்தவில்லையே!

இந்த ஆட்டம் இலவசம். ஆனால் வீரனுக்கு உடை, அலங்காரம் என்று பணம் கட்டியவர்கள் உண்டு. லினக்சில் மட்டும் ஆடியவருக்கு அந்தப் பணத்தையாவது திருப்பித் தரவேண்டும்.