விழுங்குவதற்கு முன் சொல்ல வேண்டியவை

மலம் கறுத்துப் போகிறது. இரத்தச் சோகையோ தீர்ந்தபாடில்லை. வாய் வழியே குழாயைச் செலுத்திப் பார்த்தாயிற்று, ஆசனவாய் வழியாகவும் பார்த்தாயிற்று. இரத்தம் எங்கே கசிகிறதென்று தெரியவில்லை. இவ்வாறு தவிக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. இரைப்பையையும் பெருங்குடலையும் எட்டும் வழக்கமான குழாய்கள், இடையே ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கும் சிறுகுடலின் பெரும்பகுதியை எட்டுவதில்லை. அந்த இருண்ட பகுதியைக் காண்பதற்கென்றே 2000-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது காப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி. இஸ்ரேலியப் பொறியாளர் கவ்ரியேல் இத்தான் இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர்.

ஏறத்தாழ 26 மில்லிமீட்டர் நீளமுள்ள மாத்திரை அது. அதனுள் கேமராவும் விளக்கும் மின்கலமும் உள்ளன. விழுங்கியபின் நொடிக்கு இரண்டு படங்களேனும் எடுத்து, இடுப்பில் கட்டிய பதிவுக் கருவிக்கு எட்டு மணி நேரத்துக்கும் குறையாமல் அனுப்பிக்கொண்டே செல்லும். ஆயின் குழாயைக் கையாளும் மருத்துவர் நீரைப் பீய்ச்சிக் கழுவிப் பார்ப்பதுபோல் இதனால் இயலாது. குடல் தள்ளும் போக்கில் போகும். எதிர்ப்பட்டதையே படம் பிடிக்கும். ஆதலால் வழியைத் துப்புரவாக்கும் பொறுப்பு நோயாளியையும் அவர் வீட்டாரையும் சார்ந்தது.

இரத்தச் சோகைக்காரர்கள் உட்கொள்ளும் இரும்புச்சத்து மாத்திரை, குடலில் கரிய படிவை உண்டாக்கிக் காட்சியை மறைத்துவிடும். பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்பே அதனை நிறுத்தச் சொல்வார்கள். முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டுமே. இளநீர் ஆகும், பால் கலந்த காப்பி ஆகாது. "பாவம், வெறும் வயிறு" என்று இரக்கப்பட்டு அரை டம்ளர் காப்பியைக் கொடுக்கும் தாய்மாரை நாம் அறிவோம். பல்லாயிரம் ரூபாய்ச் சோதனை அந்த அரை டம்ளரில் பயனற்றுப் போகக்கூடும். சிவப்பு நிறப் பானங்களும் வேண்டா, இரத்தமென்று மயக்கும். மருத்துவர் பேதி மருந்து கொடுத்தால் குறித்த அளவு முழுவதையும் குடித்தாக வேண்டும். இரவு முழுதும் உண்ணாதிருக்க வேண்டுமாதலால், நீரிழிவுக்காரர்கள் மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளல் நலம். மற்ற மருந்துகளையும் தாமாக நிறுத்தலாகாது.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: மறைக்காமற் சொல்லுதல். குடல் எங்கேனும் குறுகியிருந்தால் காப்ஸ்யூல் அங்கே சிக்கிக்கொள்ளும். அறுவைச் சிகிச்சை செய்தே எடுக்க நேரலாம். குறுகுவதற்குக் காரணங்கள் பல: குரோன் நோய், பழைய வயிற்று அறுவை, கதிர்வீச்சுச் சிகிச்சை, நெடுநாள் விழுங்கிய வலி மாத்திரைகள். நம் நாட்டில் குடல் காசநோயையும் சேர்த்தெண்ண வேண்டும். இங்கேதான் நம் வீடுகளின் பழைய வழக்கம் குறுக்கே நிற்கிறது. மகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் ஒளித்த காசநோயை, பேரன் பேத்தி கண்டபின்னும் தாய் ஒளித்தே வைத்திருப்பாள், பிள்ளைகளுக்கே தெரிந்திராது. பிள்ளைகள் சற்று வெளியே நின்று, தாயைத் தனியே மருத்துவரிடம் பேச விடுவது நல்லது. உண்டபின் வயிறு உப்பி முறுக்கி வலிப்பதுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். ஐயம் எழுந்தால், சிக்கினாலும் தானே கரையும் வெற்றுக் காப்ஸ்யூலை முதலில் கொடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. விழுங்குவதில் சிரமமோ, மார்பில் பேஸ்மேக்கரோ இருப்பின் அதுவும் மறைக்கத்தக்கதன்று.

விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குப்பின் நீரும், நான்கு மணி நேரத்துக்குப்பின் இலகுவான உணவும் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். காப்ஸ்யூல் மலத்தோடு வெளியேறும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாகாது. வெளியேறியதைக் கழுவித் திருப்பித் தர வேண்டுமோ என்று வெட்கத்துடன் வினவுவோர் உண்டு, வேண்டுவதில்லை. இரண்டு வாரமாகியும் அது கண்ணிற் படவில்லையெனில், அல்லது இடையில் வயிற்று வலியும் வாந்தியும் கண்டால், உடனே மருத்துவமனைக்குச் செல்க. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.