விலங்கிட்ட கால்களிடம் வெற்றி கேட்கும் நாடு

2027 சூன் 24 அன்று பிரேசில் நாட்டில் மகளிர் உலகக் கால்பந்துப் போட்டி தொடங்கவிருக்கின்றது. முப்பத்திரண்டு அணிகள், எட்டு நகரங்கள், தென்னமெரிக்க மண்ணில் இப்போட்டி நடப்பது இதுவே முதன்முறை. 1958 முதல் 2002 வரை ஐந்து முறை ஆடவர் உலகக் கோப்பையை வென்ற நாடு அது. அந்நாட்டு மகளிரோ ஒருமுறையும் உலகக் கோப்பையைத் தொட்டதில்லை. தம் சொந்த மண்ணிலேனும் வெல்வரா என்று கால்பந்து உலகம் கேட்கின்றது. நாம் கேட்பது அதற்கு முந்திய கேள்வி: இதுவரை ஏன் வெல்லவில்லை?

பெண்களுக்குத் திறமில்லை என்பார்க்கு வரலாறே விடை கூறும். 1941-இல், வர்காசின் வல்லாட்சியில், பெண்மையின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடலாகாது என ஆணை பிறந்தது. 1965-இல், படைத்துறை ஆட்சியில், கால்பந்தைப் பெயர் சுட்டியே தடுத்தனர். அத்தடை 1979-இல்தான் நீங்கிற்று. முப்பத்தெட்டு ஆண்டுகள்! ஆடவர் அணி 1958, 1962, 1970 ஆகிய ஆண்டுகளில் பெற்ற வெற்றிகள் மூன்றும் இத்தடைக் காலத்துக்குள்ளேயே அடங்கும். பெலேயின் கால்களை உலகமே போற்றிய அந்நாளில், அத்தகைய திறம் வாய்த்த சிறுமி ஒருத்தி ஆடுகளத்தில் இறங்குவது சட்டத்துக்கு மாறு! அவ்வாறு அடுப்படியில் அவிந்த திறங்கள் எத்தனையோ, கணக்கெடுத்தார் யார்?

தடை நீங்கியபின் அம்மகளிர் செய்து காட்டியவை சிறியன அல்ல. 1991 முதல் 2023 வரை நடந்த ஒன்பது உலகப் போட்டிகளிலும் அவர்கள் ஆடியுள்ளனர். 2007-இல் இறுதியாட்டம் வரை சென்று செருமனியிடம் தோற்றனர். ஒலிம்பிக்குப் போட்டிகளில் 2004, 2008, 2024 என மும்முறை வெள்ளிப் பதக்கம் பெற்றனர். அலகோவாசு மாநிலத்துச் சிற்றூரில் பிறந்த மார்த்தா, மகளிர் உலகப் போட்டிகளில் 17 கோல்கள் அடித்தார். அவரை விஞ்சியவர் அங்கு எவருமிலர்.

இனி, வரும் போட்டியை எண்ணுவோம். 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கின் அரையிறுதியில், உலகக் கோப்பையைக் கைக்கொண்டிருந்த இசுபெயினையே 4–2 என வீழ்த்திய அணி இது. 2025-இல் தென்னமெரிக்கக் கோப்பையையும் வென்றது. ஆயினும், 2023 உலகப் போட்டியில் முதற்சுற்றிலேயே வெளியேறியதும் இவ்வணியே. சொந்த மண் வெற்றி தரும் என்பதும் வெறும் நம்பிக்கையே. நடந்த ஒன்பது போட்டிகளில், போட்டியை நடத்திய நாடே கோப்பையை வென்றது ஒரே முறைதான்: 1999-இல் அமெரிக்கா.

அவ்வெற்றிக்குக் கரணியம் கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரமா? அன்று. அரசுப் பணம் பெறும் பள்ளி, கல்லூரிகளில் பெண்ணுக்கும் ஆணுக்கும் வேறுபாடு காட்டலாகாது என்று 1972-இலேயே அந்நாடு சட்டம் செய்தது. அதன் வழியே ஆடுகளங்களும் பெண்களுக்குத் திறந்தன. ஒரு நாடு கதவைத் திறந்தபோது, மற்றொரு நாடு மேலும் ஏழாண்டுகள் தாழிட்டே வைத்திருந்தது. ஒலிம்பிக்கு இறுதியாட்டம் மூன்றிலும் பிரேசில் மகளிர் தோற்றது அந்த அமெரிக்காவிடமே என்பதை எண்ணிப் பார்க்க!

எனவே, பிரேசில் மகளிர் கோப்பையை வெல்லக்கூடும். வெல்லும் தகுதி அவர்க்கு உண்டு. ஒருகால் தோற்பாராயின், "இது பெண்களுக்கு ஒவ்வாது" என்னும் பழம்பாட்டை எவரும் மீண்டும் எடுத்தல் கூடாது. அத்தோல்வியில் பெரும்பங்கு, முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர்தம் கால்களைக் கட்டிவைத்த ஆட்சியாளரையே சாரும். கோப்பை வந்தாலும் வராவிடினும், ஊர்தோறும் பள்ளிதோறும் சிறுமியர்க்கு ஆடுகளமும் பயிற்றுநரும் தருவதே அந்நாடு தீர்க்க வேண்டிய கடன்.

வித்தைத் தீய்த்தவன் விளைச்சல் கேட்க உரிமையற்றவன். முதலில் அவன் நிலத்தை உழட்டும்!