ரத்தம் கேட்டார்கள், கொடுத்தான், பென்ஷன் கேட்டான், "நீ யார்?" என்றார்கள்!

வேலை செய்த நாளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை. இந்தத் தந்திரத்தை மில் தொழிலாளிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். வருஷக்கணக்கில் ஸ்பின்னிங்கில் நின்றவனைப் பார்த்து, "நீ வெறும் பதிலி, நடுவில் உன் சர்வீஸ் முறிந்துவிட்டது" என்று நிர்வாகம் கையை விரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பொழுது சாயும் வரை நாற்று நட்டவளிடம், "உன் பேர் கணக்கில் இல்லையே" என்று பண்ணைக் கணக்குப்பிள்ளை சொல்வதையும் பார்த்திருக்கிறோம்.

இதே தந்திரத்தை உலகத்திலேயே பெரிய பணக்கார சர்க்கார் செய்தது. ஒருவரிடம் இருவரிடம் அல்ல, 2½ லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களிடம் செய்தது. இருட்டில் மறைத்துச் செய்யவில்லை. சபையைக் கூட்டி, சட்டம் போட்டு, ஜனாதிபதி கையெழுத்தோடு செய்தது. அந்த சர்க்கார் அமெரிக்க சர்க்கார். ஏமாற்றப்பட்டவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிப்பாய்கள்.

கூப்பிட்டது யார்?

1898ல் ஸ்பெயினிடமிருந்து 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸ் தீவுகளை அமெரிக்கா கிரயம் வாங்கியது. நிலத்தை விற்றவன் ஸ்பெயின்காரன், வாங்கியவன் அமெரிக்கன். அந்த நிலத்தில் வாழ்ந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. "எங்கள் நாடு விற்பனைக்கல்ல" என்று எதிர்த்தவர்களை அமெரிக்கப் பட்டாளம் சுட்டுப் பொசுக்கியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே பறந்தது அமெரிக்கக் கொடிதான்.

1941 ஜூலை 26ம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு ராணுவ உத்தரவு போட்டார். பிலிப்பைன்ஸ் சர்க்காரின் படைகள் அனைத்தும் இனி அமெரிக்க ராணுவத்தின் சேவையில் சேர்க்கப்படுகின்றன என்றது அந்த உத்தரவு. இது விருந்துக்கு அழைப்பு அல்ல, உத்தரவு. அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் கீழ், அமெரிக்கக் கொடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்து அந்த இளைஞர்கள் துப்பாக்கி பிடித்தார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் ஜப்பானியப் படை வந்து இறங்கியது. பட்டான் தீபகற்பத்தில் மூன்று மாதங்களுக்கு மேல் அரை வயிற்றுக் கஞ்சியோடும் மலேரியாக் காய்ச்சலோடும் அவர்கள் போராடினார்கள். 1942 மார்ச்சில் மக்ஆர்தர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். சிப்பாய்கள் போகவில்லை, அவர்களுக்குப் போக வழியில்லை. ஏப்ரல் 9ம் தேதி சுமார் 75,000 பேர் சரணடைந்தார்கள். அதில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். சுட்டெரிக்கும் வெயிலில், தண்ணீர்கூட இல்லாமல், சுமார் 100 கிலோமீட்டர் தூரம் ஜப்பானியர் அவர்களை நடத்தியே கொண்டுபோனார்கள். விழுந்தவனைத் துப்பாக்கி ஈட்டியால் குத்தினார்கள். வழியிலும் சிறைமுகாமிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள்.

பிடிபடாதவர்கள் காட்டுக்குள் போய் கெரில்லாப் படை கட்டினார்கள். 1944 அக்டோபரில் அமெரிக்கப் படை திரும்பி வந்து இறங்கியபோது அதற்கு வழிகாட்டியவர்கள் இவர்கள்தான்.

ஒரே வாசகம், லட்சக்கணக்கான கழுத்து!

யுத்தம் முடிந்தது. தன் சிப்பாய்களுக்கென்று 1944லேயே அமெரிக்கா ஒரு சட்டம் செய்திருந்தது. படிப்புக்குப் பணம், வீடு கட்டக் கடன், வேலை கிடைக்கும் வரை படி என்று அதில் பல சலுகைகள். அமெரிக்க ராணுவத்தில் சண்டை போட்ட பிலிப்பினோவுக்கும் இது பொருந்தத்தானே வேண்டும்?

அமெரிக்க சர்க்கார் கணக்குப் போட்டுப் பார்த்தது. முழு உரிமையும் கொடுத்தால் சுமார் 300 கோடி டாலர் ஆகும் என்று தெரிந்தது. உடனே தர்மம் பறந்துவிட்டது! 1946 பிப்ரவரி 18ம் தேதி ஒரு சட்டம் வந்தது. பிலிப்பைன்ஸ் ராணுவத்துக்கு 20 கோடி டாலர் என்று ஒதுக்கிவிட்டு, அதன் வாலில் ஒரு வாசகத்தைக் கட்டினார்கள். ரூஸ்வெல்ட் உத்தரவின்கீழ் இவர்கள் செய்த சேவை, உரிமைகளும் சலுகைகளும் தரும் எந்தச் சட்டத்துக்கும் ராணுவ சேவையாகக் கருதப்படாது என்பதே அந்த வாசகத்தின் சாரம்.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! பட்டானில் நின்றதும் சேவையல்ல. சிறைமுகாமில் செத்ததும் சேவையல்ல! அப்படியானால் அந்த இளைஞன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான்? திருவிழா பார்க்கவா போயிருந்தான்?

ஊனமடைந்தவனுக்கும் செத்தவன் குடும்பத்துக்கும் மட்டும் ஏதோ கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு சூது. அமெரிக்கனுக்கு ஒரு டாலர் என்றால் பிலிப்பினோவுக்கு ஒரு பேசோ. அன்று இரண்டு பேசோ சேர்ந்தால்தான் ஒரு டாலர். அதாவது சரிபாதி. ஜப்பானியன் குண்டு இவன் காலைப் பாதியாகவா கொண்டுபோயிற்று?

சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ட்ரூமன், இவர்களுக்கு அமெரிக்கா பட்ட தார்மீகக் கடன் தீரவில்லை என்று ஓர் அறிக்கையும் விட்டார். ஒரு கையால் கழுத்தை அறுத்துக்கொண்டே மறு கையால் கண்ணைத் துடைப்பது இதுதான்.

அவர்கள் சொல்லும் நியாயம்

"பிலிப்பைன்ஸ் சுதந்திர நாடாகப் போகிறது. அதன் சிப்பாய்களை அதுவே பார்த்துக்கொள்ளட்டும்" என்பது அவர்களுடைய வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். உரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் தருவதென்று அமெரிக்கா சட்டம் போட்டது 1934ல். ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டது 1941ல். ஆகவே, நாளைக்கு இவர்கள் தனி நாட்டார் ஆகப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் படைக்கு எடுத்தார்கள். எடுக்கும்போது தெரிந்த விஷயம், கொடுக்கும்போது எப்படித் தடையாயிற்று?

அந்தச் சுதந்திரத்தின் லட்சணத்தையும் பாருங்கள். 1946 ஜூலை 4ல் கொடி இறங்கியது. அதே வருஷம் அமெரிக்கா செய்த வர்த்தகச் சட்டம், பிலிப்பைன்ஸின் சுரங்கத்தையும் காட்டையும் நிலத்தையும் அனுபவிக்க அமெரிக்கனுக்கு அந்நாட்டுக் குடிமகனோடு சம உரிமை வேண்டும் என்றது. 1947ல் ராணுவத் தளங்களை 99 வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுரங்கம் தோண்டும்போது "நாம் இருவரும் சமம்", பென்ஷன் கேட்கும்போது "நீ அந்நியன்!" முதலாளித்துவ நியாயத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

உழவனுக்கு இரட்டைத் தண்டனை

மத்திய லூசான் சமவெளியில் ஜமீன்தார்களின் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழை விவசாயிகள், 1942 மார்ச் 29ல் ஹுக்பலஹாப் என்ற ஜப்பானிய எதிர்ப்புப் படையை அமைத்தார்கள். அதைத் தலைமை தாங்கி நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகளும் விவசாய சங்கத்தாரும். லூயிஸ் தாருக் அதன் தளபதி. ஜப்பானியரையும், அவர்களோடு கைகோத்த நிலப்பிரபுக்களையும் எதிர்த்து அந்தப் படை மூன்று வருஷம் போராடியது.

அவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1945 பிப்ரவரியில் மலோலோஸ் நகரில், ஆயுதம் பறிக்கப்பட்ட ஹுக் வீரர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் அமெரிக்கர் ஆதரவு பெற்ற வேறொரு கெரில்லாக் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் தாருக்கை அமெரிக்கர்கள் சிறையில் தள்ளினார்கள். கெரில்லாக்கள் என்று அங்கீகரிக்கும்படி சுமார் 10 லட்சம் பேர் கேட்டதில், அமெரிக்க ராணுவம் ஒத்துக்கொண்டது ஏறக்குறைய 2,60,000 பேரை. ஹுக் படையில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் ஜப்பானியனைச் சுட்டதில் குற்றமில்லை; ஜமீன்தாரிடம் நிலம் கேட்டதுதான் குற்றம்!

தொண்ணூறு வயதில் ஒரு பட்டியல்

நாற்பது வருஷத்துக்கு மேல் இழுத்தடித்த பிறகு, 1990ல் ஒரு சட்டம் இந்த வீரர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தது. குடியுரிமை கிடைத்தால் பென்ஷனும் கிடைக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கான கிழவர்கள் கப்பலில் அல்ல, விமானத்தில் ஏறிப் போனார்கள். குடியுரிமை கிடைத்தது; பென்ஷன் கிடைக்கவில்லை. சான்பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஓர் அறையில் பல பேராகத் தங்கி, வறியோர்க்கான உதவிப் பணத்தில் கால் வயிறு தின்று, மிச்சம் பிடித்து ஊரில் உள்ள மனைவி மக்களுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் அவர்கள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 1997ல் எழுபதையும் எண்பதையும் தாண்டிய அந்தக் கிழவர்கள், வாஷிங்டனில் ஜனாதிபதி மாளிகையின் வேலியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு போலீஸுக்குக் கையை நீட்டினார்கள். அந்தக் கிளர்ச்சி இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது.

2009 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்கக் குடிமகனாக உள்ள வீரனுக்கு 15,000 டாலர், மற்றவனுக்கு 9,000 டாலர். மாதாமாதம் வரும் பென்ஷன் அல்ல, ஒரே தடவை. மனுக் கொடுக்க ஒரே வருஷம் அவகாசம். அதற்குமுன் செத்துப்போனவனின் விதவைக்கு ஒரு செப்புக்காசு கிடையாது.

சுமார் 43,000 பேர் மனுக் கொடுத்தார்கள். பணம் கிடைத்தது சுமார் 19,000 பேருக்கு. மற்றவர்களுக்கு வந்த பதில், "உன் பேர் பட்டியலில் இல்லை." எந்தப் பட்டியல்? யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவமே எழுதி, மிஸௌரி மாகாணத்தின் ஆவணக் கிடங்கில் வைத்த பட்டியல். அந்தக் கிடங்கில் 1973ல் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ தஸ்தாவேஜுகள் சாம்பலாயின. கணக்கை வைத்திருந்தவன் அவன், காக்கத் தவறியவனும் அவன். ஆனால் சாட்சி கொண்டுவர வேண்டியவன் மட்டும், காட்டில் ஒளிந்து சண்டை போட்ட தொண்ணூறு வயதுக் கிழவன்! கெரில்லா வீரன் ரசீது வாங்கிக்கொண்டா சண்டை போடுவான்?

இன்னொரு விஷமும் அந்தச் சட்டத்தில் உண்டு. இவர்கள் செய்தது ராணுவ சேவையே என்று அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஒரு தொகையைப் பெறுவதற்கு மட்டும்! பணத்தை வாங்கியவன், அந்தச் சேவைக்காக இனி எந்தப் புதிய கோரிக்கையும் கேட்க முடியாது. இது கடனைத் தீர்ப்பதல்ல. செத்துக்கொண்டிருப்பவனிடம் பாக்கிக்குச் சில்லறையைக் கொடுத்து, "முழுதும் பைசலாயிற்று" என்று கைநாட்டு வாங்குவது.

2016ல் தங்க மெடல் தருவதாகச் சட்டம் செய்தார்கள். 2017 அக்டோபரில் விழா எடுத்தார்கள். மெடலைக் காட்டினால் மளிகைக் கடையில் அரிசி கொடுப்பானா?

வெள்ளைத் தோலும் காப்பாற்றவில்லை

"இது வெறும் நிறவெறிதான்" என்று சிலர் சொல்லக்கூடும். நிறவெறி உண்டு. ஆனால் அதோடு நிற்கவில்லை.

முதல் உலக யுத்தத்தில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு போனஸ் தருவதாக 1924ல் சட்டம் செய்தார்கள். ஆனால் பணம் 1945ல்தான் என்றார்கள். நடுவில் நெருக்கடி வந்து வேலை போயிற்று, குழந்தைகள் பட்டினி. 1932ல் ஆயிரமாயிரம் மாஜி சிப்பாய்கள் குடும்பத்தோடு வாஷிங்டனுக்குப் போய்க் குடிசை போட்டு உட்கார்ந்து, "இப்போதே கொடு" என்றார்கள். ஜூலை 28ம் தேதி டாங்கியும் குதிரைப்படையும் கண்ணீர்ப் புகையும் கொண்டு அவர்கள் விரட்டப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. விரட்டிய தளபதி யார்? அதே மக்ஆர்தர்!

ஆனாலும் 1936ல் அவர்கள் போனஸை வாங்கினார்கள். ஜனாதிபதி மறுத்தும் சபை நிறைவேற்றியது. ஏன்? அவர்கள் சங்கமாகத் திரண்டிருந்தார்கள்; கையில் ஓட்டும் இருந்தது. 1946ல் பிலிப்பினோச் சிப்பாய்க்கு அந்தச் சபையில் ஓட்டில்லை. ஓட்டில்லாதவனின் கடனை ஒரே வாசகத்தில் அழித்தார்கள். அவன் திரண்டு சங்கிலி போட்டுக்கொண்டபோதுதான் அந்தச் சில்லறையாவது விழுந்தது.

பாக்கி பாக்கிதான்!

"பழைய கதை, பெரும்பாலோர் செத்துவிட்டார்கள்" என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. கடன்காரன் சாகட்டும் என்று காத்திருந்தவன், செத்த பிறகு "கேட்பவர் யாருமில்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? உயிரோடு இருப்பவர்களுக்கு இன்று நூறு வயதை ஒட்டுகிறது. அவர்கள் கேட்பது தர்மமல்ல, கருணையல்ல. செய்த வேலைக்குச் சேர வேண்டிய கூலி.

1946ம் வருஷத்து வாசகத்தை அடியோடு ரத்து செய்! பட்டியலில் விடுபட்டவனின் பேரை, கூட நின்றவன் சொல்லும் சாட்சியை ஏற்றுச் சேர்த்துக்கொள்! கைவிடப்பட்ட விதவைகளுக்குப் பாக்கியைக் கொடு! இந்தக் கோரிக்கை மணிலாவின் சேரியிலிருந்து எழுந்தாலும், உழைத்துவிட்டு "நீ யார்?" என்ற கேள்வியைக் கேட்க நேர்ந்த எல்லோருக்கும் சொந்தமானது.