டாக்டர் பக்கம்: ஆழ்குழாய்க் கிணறு தோண்டுமுன்



நம் சங்கத்து அங்கத்தினர்களில் சிலர் பெற்றோர் நினைவாகச் சொந்த ஊரில் ஆழ்குழாய்க் கிணறு அமைக்கப் பணம் அனுப்புகிறார்கள். தண்ணீர் தானம் பெரிய புண்ணியம்தான். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நீரைப் பரிசோதிக்காமல் ஒருவருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

அப்பகுதிப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து வருகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் இன்னும் அதிகமாகக் கரையும். ஆகையால், 'பருப்பு நன்றாக வேகிறது' என்று ஊரார் மெச்சும் கிணற்றிலேயே அது மிகுந்திருக்கலாம். நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தவறு. நீர் ஆவியாகிச் செறிவு கூடத்தான் செய்யும்.

"பற்பசையிலேயே சேர்க்கிறார்களே, டாக்டர்?" என்று கேட்பீர்கள். அளவுதான் விஷயம். அமெரிக்காவில் பல்லுக்கு நல்லதென்று பல நகரங்களில் குடிநீரில் வைத்திருக்கும் அளவு லிட்டருக்குச் சுமார் 0.7 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச வரம்பு 1.5. அதற்கு மேல் போனால், சுமார் எட்டு வயதுக்குள், பல் உருவாகும் பருவத்தில், வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். எந்தப் பற்பொடிக்கும் அது போகாது. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, பெண் பார்க்க வருகிறவர்கள் முன் வாய்விட்டுச் சிரிக்கக் கூசுவாள். பல வருஷங்கள் குடித்தவர்களுக்கோ எலும்பிலும் மூட்டு நார்களிலும் படிந்து, கழுத்தும் முதுகும் இறுகிப்போகும். வாதம் என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். முற்றிய நிலையில் எங்களிடம் மருந்து கிடையாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயைக் கண்டு 1937-லேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியுடன், 2013-ல்தான் தொடங்கப்பட்டது. இடையில் 76 வருஷம்! குழாயில் நீர் வராத நாளில் ஜனங்கள் பழைய அடிபம்பைத்தானே நாடுவார்கள்?

உலோகங்களின் கதை வேறு. மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் எனும் பாஷாணம் மண்ணிலிருந்தே நீரில் கலந்தது. ராணிப்பேட்டையில் குரோமியத்தைக் கலந்தது மனிதன். மூடிய ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் அது.

ஆகவே, ஊரில் இருக்கும் தம்பியிடமோ மைத்துனரிடமோ சொல்லி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் நீரைக் கொடுக்கச் செய்யுங்கள். ஃபுளோரைடு அளவைக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தோல் பதனிடும் ஆலையோ ரசாயன ஆலையோ இருந்தால் உலோகங்களையும் பார்க்க வேண்டும். அளவு மிகுந்தால் அந்த நீர் குளிக்க, துவைக்க ஆகட்டும். மீதிப் பணத்தில் பள்ளிக்கூடத்தில் மழைநீர்த் தொட்டி கட்டலாம். மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. சுத்திகரிப்பு இயந்திரம் வாங்குவதானால், வடிகட்டி மாற்ற வருஷா வருஷம் யார் பணம் தருவார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பழுதாகி மூலையில் கிடக்கும் இயந்திரத்தால் யாருக்கு லாபம்?

பரிசோதனை முடிவைக் கிணற்றடியில், உபயதாரர் பெயருக்குக் கீழேயே, தேதியுடன் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.