கோடம்பாக்கத்துக்கும் கூத்து மேடைக்கும் வாசல் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திரைத்துறையிலும் மேடைக்கலைகளிலும் பணிபுரிவோர் சங்கத்தின் நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை.

பொருள்: திரை, மேடைக் கலைத்தொழில்களில் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், திருநர், மாற்றுத்திறனாளிகள், கிராமியக் கலைஞர்கள் ஆகியோருக்கான வாய்ப்புகளை விரிவாக்குதல் – கோரிக்கைகள் சமர்ப்பித்தல் – தொடர்பாக.



மலையாளத்தின் முதல் படத்தில் நடித்த கதாநாயகி தம் மீதிக் காலத்தைக் கழித்தது தமிழ் மண்ணில். ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி. அவர் பட்டியலினத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்துக் கொட்டகையில் படம் ஓடியபோது, அவர் உயர்சாதிப் பெண் வேடமிட்டதைப் பொறுக்காத கூட்டம் திரையின்மீது கல்லெறிந்தது. அவருடைய குடிசைக்குத் தீ வைத்தது. ரோசி நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தார். வேறு பெயரில் குடும்பம் நடத்தினார். மறுபடி ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் நடித்த அந்த ஒரு படத்தின் பிரதிகூட இன்று இல்லை.

அது நடந்து நூறாண்டு ஆகப்போகிறது. இன்று யாரும் கல்லெறிவதில்லை. ஆனால் சினிமாவில் சேர வேண்டும் என்று பஸ் ஏறி வரும் கிராமத்துப் பெண்ணும், சேரிப் பையனும், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கையும் சந்திக்கும் தடைகள் கல்லைவிடக் கனமானவை. அனுபவம் இருந்தால்தான் வேலை. வேலை கிடைத்தால்தான் அனுபவம். உதவி இயக்குநராகச் சேர்ந்தாலும் முதல் படத்துக்குப் பெரும்பாலும் சாப்பாடும் பேட்டாவும்தான். சாலிகிராமத்தில் அறை வாடகையை ஊரிலிருந்து யாராவது அனுப்பினால்தான் இரண்டாம் படம் வரை தாக்குப்பிடிக்க முடியும். அனுப்ப ஆள் இல்லாதவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

அந்தத் தடைகளில் அரசால் நேரடியாக நீக்கக்கூடியவை எவை என்று இச்சங்கம் தன் உறுப்பினர்களிடம் கேட்டுத் தொகுத்திருக்கிறது. அரசின் பணம், நிலம், அனுமதி ஆகிய மூன்றும் கலைத்தொழிலுக்குள் செல்லும் ஒவ்வோர் இடத்திலும், புறந்தள்ளப்பட்டவர்களுக்கான இடமும் விதியாகவே சேர்ந்து செல்ல வேண்டும் என்பதே இம்மனுவின் அடிப்படை.

உள்ளே வந்தவர்கள் வந்த வழி

தமிழின் முதல் பேசும்பட நாயகியான டி.பி. ராஜலட்சுமி, 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். பேசும்படம் பிறந்து ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெண் இயக்குநர் வந்துவிட்டார். ஆனால் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் ஒளிப்பதிவாளராக நிற்பதைக் காணத் தமிழ்த்திரை 1985-ல் 'சின்ன வீடு' வரும்வரை காத்திருந்தது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பி.ஆர். விஜயலட்சுமி, இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள், 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து தொழில் பழகியவர். அவருடைய திறமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் பிறந்த வீட்டிலேயே படப்பிடிப்புத் தளத்துக்கு வழி இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிறக்காத விஜயலட்சுமிகள் எத்தனை பேர் வழியிலேயே நின்றுபோனார்கள் என்பதுதான் இச்சங்கத்தின் கவலை.

பொது நிறுவனம் ஒன்று வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஆவடி அருகே ஒரு கிராமத்தில் பிறந்த பா. இரஞ்சித், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தார். பிறகு வெங்கட் பிரபுவிடம் உதவி இயக்குநரானார். 2012-ல் 'அட்டகத்தி' வந்தது. 2018-ல் அவருடைய நீலம் நிறுவனம், இயக்குநர் ராமிடம் பத்தாண்டுக்கும் மேல் பணியாற்றிய மாரி செல்வராஜின் முதல் படமான 'பரியேறும் பெருமாள்' படத்தைத் தயாரித்தது. அதே 2018 ஜனவரியில் இரஞ்சித்தின் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு மேடையேறியது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ஆயிரக்கணக்கானோர் முன் அரசியல் பாட்டாக ஒலித்தது. அதில் பாடிய இசைவாணி, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ஓர் அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டண இருக்கை ஒருவருக்குக் கிடைத்தது. அவர் வழியாக ஒரு தலைமுறையே உள்ளே வந்தது.

நீதிமன்றம் திறந்த கதவு

மும்பையில் திரைத்துறை ஒப்பனைக் கலைஞர் சங்கம் ஒன்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற அட்டை வழங்கவில்லை. பெண் என்றால் சிகை அலங்காரம் மட்டும். முகத்துக்கு வண்ணம் பூசுவது ஆணின் பிழைப்பு. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை அரசமைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தள்ளியது. திறமையைக் காரணம் காட்டி அந்தப் பெண்களை யாரும் தடுக்கவில்லை. தடுத்தது தாளில் எழுதிய ஒரு விதி. விதியால் அடைபட்ட கதவை விதியாலேயே திறக்க முடியும்.

பாதுகாப்பும் அப்படித்தான். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். படப்பிடிப்பு யூனிட்டும் அப்படியோர் இடம்தான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டில் வெளியான, மலையாளத் திரையுலகைப் பற்றிய நீதிபதி ஹேமா குழு அறிக்கை, வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே பொழுதைக் கழிப்பதைப் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் புதர்மறைவில் புடவை பிடித்து உடை மாற்றிய துணை நடிகையர் யாரும் அதைப் படித்து வியப்படையவில்லை.

மேடையும் பறையும்

2025-ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலுவும், புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனும் பத்மஸ்ரீ பெற்றார்கள். பிணத்துக்கு முன்னால் அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட தோல்கருவிக்கும், விடிய விடிய ஊர்த்தெருவில் ஆடிய கூத்துக்கும் நாடு தந்த மரியாதை அது. ஆனால் விருது ஒருவருக்கு, பட்டினி பலருக்கு. கோயில் திருவிழாக் காலம் முடிந்தால் கூத்துக்காரர் கட்டட வேலைக்கும் கரும்பு வெட்டவும் போகிறார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த கூத்தில் பெண்கள் ஜமா என்னும் குழு அமைத்துப் பிழைப்பது இன்னும் அரிது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு 1990-கள் முதல் பட்டியலினப் பெண்களுக்குப் பறை கற்றுத்தந்து மேடையேற்றிவருகிறது. கற்றுத்தர ஆளும் இடமும் இருந்தால் பெண் கைகளும் பறையை முழங்கவைக்கும் என்பதை ஊர் ஊராக அது காட்டியிருக்கிறது.

வேடமும் வேலையும்

திருநங்கையரைக் கேலிக்குரியவர்களாகக் காட்டிய காட்சிகள் தமிழ்த்திரையில் ஏராளம். நிலைமை மெல்ல மாறுகிறது. 'நான் சரவணன் வித்யா' என்ற தன்வரலாறு கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்ற படமாகி, நாயகனுக்கு தேசிய விருது தந்தது. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தின் திருநங்கை வேடமும் நடிகருக்கு தேசிய விருது தந்தது. அவ்விரு நடிகர்களின் உழைப்பை இச்சங்கம் மதிக்கிறது. அதே வேளையில், திருநங்கையான அஞ்சலி அமீர் 2019-ல் வெளியான 'பேரன்பு' படத்தில் மம்மூட்டிக்கு இணையாக நடித்தது இன்னும் விதிவிலக்காகவே நிற்பதைச் சுட்டுகிறது. பரத நாட்டியத்தில் நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெறும் உயரத்துக்குச் சென்றதற்கு, தஞ்சை கிட்டப்பா பிள்ளை என்ற ஆசான் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டது காரணம். திருநருக்கென நாட்டிலேயே முதலில் 2008-ல் நல வாரியம் அமைத்த இம்மாநிலம், அந்த ஆசானின் இடத்தில் தானே நிற்க முடியும்.

கேட்கவும் பேசவும் இயலாத அபிநயா 2009-ல் 'நாடோடிகள்' படத்தில் நடித்தபோது உணர்ச்சியை உதட்டசைவிலும் கண்ணிலும் படித்துத் திரும்பக் கொடுத்தார். பார்வையற்ற வைக்கம் விஜயலட்சுமியின் குரலைத் தமிழ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவதற்கான நெறிகளை வகுத்து, அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களுடைய பங்கேற்பும் வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் ஒன்றிய அரசு, திரையரங்குகளில் வசன எழுத்துகளும் ஒலி விவரிப்பும் வழங்குவதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை எழுதவும் பேசவும் பதிவு செய்யவும் புதிய தொழிலாளர்கள் தேவை. அந்த வேலையில் பார்வையற்றவர்களும் செவித்திறன் குறைந்தவர்களும் ஆலோசகர்களாக அமர வேண்டும்.

பக்கத்து மாநிலம் செய்தது

கேரள அரசு 2019-20 நிதிநிலை அறிக்கையில் பெண் இயக்குநர்களுக்காக 3 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திரைக்கதைகளை வரவழைத்துத் தேர்ந்தெடுத்து, ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை தந்து தானே தயாரித்தது. அடுத்த கட்டமாகப் பட்டியலின, பழங்குடி இயக்குநர்களுக்கும் திட்டம் விரிந்தது. இந்த வழியில் வந்த தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ' மாநில அரசின் இரண்டாவது சிறந்த படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்டது. ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' 2023-ல் திரைக்கு வந்தது. இவ்வளவு தொகை புதியவர்களுக்கு எதற்கு, முதலில் பயிற்சி கொடுங்கள் என்ற எதிர்ப்பும் அங்கே எழுந்தது. பயிற்சியும் வேண்டும், பணமும் வேண்டும் என்பது இச்சங்கத்தின் பதில். நாயகனின் புதுமுக மகனை நம்பி முதலீடு செய்யும் தொழில், அரசு தேர்ந்தெடுத்த திரைக்கதையையும் நம்பலாம்.

தமிழ்நாட்டிலும் தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு தலா 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது படம் முடிந்து வெளியான பின் வரும் பணம். முதல் நாள் கேமரா வாடகைக்கே வழியில்லாதவர் அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கே வருவதில்லை.

கோரிக்கைகள்

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு இச்சங்கம் வேண்டுகிறது:

1. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், திருநர், மாற்றுத்திறனாளிகள் இயக்கும் முதல் அல்லது இரண்டாம் படத்துக்கு முன்பணமாகவே வழங்கும் தயாரிப்பு நிதியம் ஒன்றை உருவாக்க வேண்டும். திரைக்கதைத் தேர்வுக் குழுவில் பாதிப் பேர் இப்பிரிவுகளிலிருந்து வர வேண்டும். முடிந்த படங்களுக்குத் திரையரங்கக் காட்சிகளும் உறுதி செய்யப்பட வேண்டும்.

2. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படித்து முடிப்போரில் இப்பிரிவினருக்கு ஓராண்டு உதவித்தொகையுடன் படப்பிடிப்புத் தளப் பயிற்சி அளிக்க வேண்டும். 69 சதவீத இடஒதுக்கீடு வகுப்பறை வரை வருகிறது, தளத்துக்கு வருவதில்லை. இறுதியாண்டுக் குறும்படச் செலவையும் அரசே ஏற்க வேண்டும்.

3. திரைத் தொழிற்சங்கங்களில் சேர்வதற்கான தொகையை வசதியற்ற இளைஞர்கள் தவணையில் செலுத்த வழிசெய்து, முதல் தவணையைத் திரைத்துறையினர் நல வாரியத்தின் வழி அரசு வழங்க வேண்டும். எந்தப் பிரிவிலும் பாலினம் காரணமாக அட்டை மறுக்கப்படாது என்பதைத் தொழிலாளர் துறை எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும்.

4. படப்பிடிப்புக்கு அனுமதி தரும்போதே உள்ளகப் புகார்க் குழுவின் விவரம், பெண்களுக்கும் திருநருக்கும் கழிப்பறை, உடை மாற்றும் அறை, இரவுப் பணிக்குப் பின் வீடு சேர்க்கும் வண்டி ஆகியவற்றை நிபந்தனையாக்க வேண்டும். துணை நடிகையருக்கும் லைட்மேன் முதல் டச்சப் வரை அனைவருக்கும் இது பொருந்த வேண்டும்.

5. பூந்தமல்லியில் சுமார் 500 கோடி ரூபாயில் அமையவுள்ளதாக அறிவிக்கப்பட்ட திரைப்பட நகரத்தின் வரைபடத்திலேயே சாய்வுதளம், குழந்தைகள் காப்பகம், வாடகைச் சலுகை நாள்கள் ஆகியவை இடம்பெற வேண்டும்.

6. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் 35 சதவீத மூலதன மானியம் கேமரா, லைட் யூனிட், எடிட்டிங், டப்பிங் ஸ்டூடியோ தொடங்குவோருக்கும் தயக்கமின்றிக் கிடைக்குமாறு மாவட்டத் தொழில் மையங்களுக்குத் தெளிவான சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

7. பறை, தெருக்கூத்து, கரகம், கானா ஆகியவற்றை அரசு இசைப்பள்ளிகளில் முழுநேரச் சான்றிதழ்ப் படிப்பாக்கி, பரம்பரைக் கலைஞர்களையே கல்வித் தகுதி பாராமல் ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். அரசு விழாக்களில் ஆடும் குழுவுக்கு ஊதியம் இடைத்தரகரின்றி நேரடியாக வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். பெண்களும் திருநரும் நடத்தும் குழுக்களுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட மேடைகள் ஒதுக்கப்பட வேண்டும்.

8. மானியம் பெறும் ஒவ்வொரு படமும் தன் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்களில் மேற்கண்ட பிரிவினர் எத்தனை பேர் என்ற விவரத்தைத் தர வேண்டும். தனிநபர் அடையாளம் வெளிவராத வகையில் மொத்தக் கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றில் நான்காம், எட்டாம் கோரிக்கைகளுக்குப் பெரிய செலவில்லை. அரசாணை ஒன்று போதும். மற்றவற்றுக்கு வரும் நிதிநிலை அறிக்கையில் தொடக்க ஒதுக்கீடு தேவை. முதல் கட்டமாக, துறை அலுவலர்கள், தயாரிப்பாளர்கள், தொழிற்சங்கங்கள், பயனாளிகள் ஆகியோரின் கூட்டுக் கூட்டம் ஒன்றை இரண்டு மாதங்களுக்குள் கூட்ட இச்சங்கம் கோருகிறது. அந்தக் கூட்டத்தில் துணை நடிகையரும் கூத்துக் கலைஞர்களும் திருநங்கைக் கலைஞர்களும் பேசுவதற்கு நேரம் ஒதுக்கி, சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் ஏற்பாடு செய்து, வெளியூர்க் கலைஞர்களுக்கு அன்றைய கூலி இழப்பும் பயணச் செலவும் வழங்குமாறு வேண்டிக்கொள்கிறது.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்