லேப்டாப்பில் முளைக்கும் வேண்டாத டிரைவ்கள்

ஜி.எஸ்.டி. சாலையோரம் கடை வைத்திருக்கும் நமக்கு, 2017 ஜூலை முதல் சாலையின் பெயரிலேயே ஒரு வரியும் வந்து வாய்த்தது. பேரேடும் பில் புத்தகமும் போய், லேப்டாப் கல்லாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சில கடைகளில் அது பிள்ளைகள் பள்ளியில் பெற்று வந்த விலையில்லா மடிக்கணினி.

இயந்திரம் படுத்துவிட்டால் பழுதுபார்ப்பவர் 'ரெக்கவரி' போட்டுக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து திறந்தால், முன்பு இல்லாத டிரைவ் ஒன்று சிவப்புக் கோட்டுடன் 'இடமில்லை' என்று நிற்கிறது. வேண்டாத சரக்கு கிடங்கை அடைக்கிறதே என்று அதை அழிக்கத்தான் நமக்குக் கை துறுதுறுக்கும். அழிக்கக் கூடாது என்பதே நம் கருத்து.

பெரும்பாலும் அது, மறைந்திருக்க வேண்டிய ரெக்கவரி பகுதி. இயந்திரம் மறுபடி படுத்தால் அதை எழுப்பும் மருந்து அதற்குள் இருக்கிறது. டிரைவ் எழுத்தை மட்டும் நீக்கச் சொன்னால் போதும், கண்ணில் படாது. சில நூறு எம்.பி. அளவில் இ.எஃப்.ஐ. என்று இன்னொரு பகுதி உண்டு. அதை அழித்தால் விண்டோஸ் எழும்பாது. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் ஆரம்ப லேப்டாப்களில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எது வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்பது லினக்ஸின் வேலை. அதன் பகுதியை நேரே அழித்தால் விண்டோஸுக்கும் வழி அடைபடும். இத்தனைக்கும் மிச்சமாகும் இடமாவது பயன்படுமா? சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியுள்ள காலி இடத்தை மட்டுமே விண்டோஸ் அதனுடன் சேர்க்கும். நடுவே வேறு பகுதி நின்றால் சேராது.

இடத்தைவிட நமக்குக் கணக்கு பெரிது. டேலி வழக்கமாகக் கணக்கை சி டிரைவில்தான் வைக்கும். முழு ரெக்கவரி போட்டால் முதலில் துடைக்கப்படுவது அதுதான். டி டிரைவில் வைத்திருந்தவர்களுக்கு எழுத்து மாறி அது 'இ' ஆகியிருக்கலாம். கம்பெனி காணோம் என்று அலறாமல் அங்கே தேடிப் பார்க்க வேண்டும். ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதிகாரி கேட்கும்போது 'கம்ப்யூட்டர்காரர் அழித்துவிட்டார்' என்று சொல்லித் தப்ப முடியாது. கடன் வாடிக்கையாளர் பாக்கியும் அதில்தானே இருக்கிறது!

ஆகவே லேப்டாப்பைப் பழுதுக்குக் கொடுக்குமுன் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, வேறு இயந்திரத்தில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். எந்தப் பகுதியையும் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.