கொரியாவில் சாப்பாடும் ஜாதியும்

பிழைப்புக்காகத் தென் கொரியாவில் குடியேறுகிறவர்கள் புதிய பேட்டையில் முதன்முதல் தேடுவது சாப்பாட்டுக் கடையையேயாகும். நாமும் அவ்வாறே தெருத்தெருவாய்ச் சுற்றினோம். சந்தைக்குள் பெரிய அண்டாக்களில் எலும்பும் இறைச்சியும் கொதிக்கின்றன. அந்தச் சாற்றிலேயே சோற்றைப் போட்டுக் கொடுப்பதற்கு குக்பாப் என்று பெயர். பக்கத்துக் கடையில் பன்றிக் குடலில் இரத்தமும் சேமியாவும் அடைத்து அவித்த சுண்டே விற்கிறார்கள். சோற்றோடு கிம்சி முதலிய தொடுகறிகளைத் தனி விலையின்றி வைக்கிறார்கள். தீர்ந்தால் மறுபடியும் தருகிறார்கள். மேஜை நடுவே கொதிக்கும் ஒரே சட்டியில் பலரும் கரண்டி விட்டுச் சாப்பிடுவது அங்கு சாதாரணம்.

சமைத்தவர் யார், மாட்டை அறுத்தவர் யார், பக்கத்தில் இருப்பவர் என்ன பிறப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. மூத்தவர் கரண்டி எடுத்த பிறகே இளையவர் எடுப்பார். அம்மரியாதை வயதுக்கேயொழியப் பிறப்புக்கல்ல.

நிற்க, கொரியர்கள் மூடநம்பிக்கையற்றவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வீடு மாறுவதற்கு அங்கும் நல்ல நாள் பார்க்கிறார்கள். சந்திரமாதத்தில் 9, 10, 19, 20, 29, 30 ஆகிய தேதிகளில் பேய்களின் தொல்லை இல்லையாம். அந்நாட்களில் சாமான் ஏற்றுகிறவர்களின் கூலி ஏறிவிடுகிறது. பேய் வருகிறதோ இல்லையோ, பணம் போவது நிச்சயம்!

பிறப்பு இழிவும் அங்கு இருந்ததுதான். மாடு அறுப்பவர்களைப் பெக்சோங் என்று பெயரிட்டு, தனியே ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாய் இழிவுபடுத்தினார்கள். ஆனால் அவர்கள் அறுத்த இறைச்சி மாத்திரம் மேல் வகுப்பாருக்கு ருசித்தது. 1894-ல் அரசாங்கச் சீர்திருத்தம் பிறப்பு வேற்றுமையை ஒழித்தது. அப்படியிருந்தும் அம்மக்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். சட்டம் மட்டும் போதாதென்று கண்டு, 1923-ல் ஜின்ஜு பட்டணத்தில் அவர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். ஹியோங்பியோங்சா என்னும் அதன் பெயர் தராசின் சமநிலையைக் குறிப்பது. இறைச்சி நிறுக்கும் தராசையே மனிதத் தன்மைக்கு அடையாளமாக்கிவிட்டார்கள்! நமது "குடிஅரசு" பிறந்தது 1925-ல். அதாவது இரண்டு வருஷங்களுக்குப் பின்பு. பிறகு 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தில் ஜனங்கள் ஊர் ஊராய்ச் சிதறிக் கலந்ததும் பழைய அடையாளங்கள் அழியக் காரணமாயிற்று. இன்று இறைச்சிக் கடைக்காரரின் பாட்டனாரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

இனி நம்மவர் யோக்கியதையைப் பார்ப்போம். கொரியன் தகப்பனை "அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பூரித்துப் போகிறோம். ஆனால் கூடப் பிழைக்க வந்த தமிழனிடம், "எந்த ஊர்? எந்தத் தெரு? உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி உண்டா?" என்று சுற்றி வளைத்து ஜாதியைத் துருவுகிறவர்கள் நம்மில் இல்லையா? சொல் ஒன்றாயிருந்து என்ன பயன், பந்தி ஒன்றாயில்லாதபோது?

புலால் வேண்டாதவர் தாராளமாக வேண்டாமென்று சொல்லட்டும். அது அவரவர் நாக்கின் இஷ்டம். ஆனால் தின்கிறவனை இழிந்தவன் என்று சொல்ல யாருக்கு என்ன பாத்தியம்? தோழர்களே! கொரியாவில் பெக்சோங் இழிவு ஒழிந்தது கடவுள் அருளாலல்ல. இழிவுபடுத்தப்பட்டவர்கள் எழுந்து நின்றதாலும், மற்றவர்கள் ஒரே சட்டியில் கரண்டி விடக் கற்றுக் கொண்டதாலுமேயாகும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்கிறோம்.